கரடியூர் பெல் சுவிட்ச்

பேய், ஆவி, காத்து கருப்பு, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமாவாசைக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்தால் அதில் எவன் வண்டி வழுக்கி விழப்போகிறானோ என்று கவலைப்படுகிற ஆள் நான். முப்பது வருஷம் மீட்டரும் சால்டரிங் கம்பியுமாகப் பிழைத்தவன். கரண்ட் வருகிறது என்றால் எங்கிருந்தோ வருகிறது, அதைத் தேடிப் பிடித்துவிடலாம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தத்துவம். நீங்கள் வேறு கம்ப்யூட்டர் படித்தவர், கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். சேலத்தில் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் இருந்தேன். ஏற்காட்டு மலையில் இருக்கிற காபி எஸ்டேட்டுகளுக்கு வயர்லெஸ் செட் வைத்துக் கொடுப்பதும் அதைப் பார்த்துக்கொள்வதும்தான் எங்கள் தொழில். அப்போது மலையில் டெலிபோன் என்பது மழை பெய்தால் செத்துப்போகிற சமாச்சாரம். அதனால் எஸ்டேட் ரைட்டர்கள், அதாவது கணக்குப்பிள்ளைகள், எல்லாரும் எங்கள் செட்டில்தான் பேசுவார்கள். அவர்கள் பேச்சை வாங்கி மறுபடி வீசுவதற்குக் கரடியூர் தாண்டி ஒரு மேட்டில் எங்களுக்கு ஒரு ஷெட் இருந்தது. ஒரு டவர், வரிசையாக பாட்டரி, ஒரு ஜெனரேட்டர், ஒரு நாற்காலி, ஒரு வாட்ச்மேன். மொத்த நெட்வொர்க்கும் அந்த ஒரு ஷெட்டை நம்பித்தான் ஓடியது.

அந்த வாட்ச்மேன் பேர் சடையன். தலைச்சோலை என்கிற மலைக்கிராமத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ராத்திரியும் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வார், ஊருக்கு எப்போதாவதுதான் போவார். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை, மணிக்கு ஒரு தடவை, சேலத்தில் டூட்டியில் இருக்கிறவர் வயர்லெஸ்ஸில் அவரைக் கூப்பிட வேண்டும். “கரடியூர், கரடியூர், சேலம் பேசறேன்” என்றால் அந்தப் பக்கமிருந்து “கரடியூரு பேசறனுங்க, எல்லாம் நல்லாருக்குதுங்க” என்று வரும். உடனே ரிஜிஸ்டரில் அந்த மணிக்கு நேராக ஒரு டிக். இதுதான் வேலை. டூட்டியில் பெரும்பாலும் நான்தான்.

சடையண்ணன் அந்த ஷெட்டிலேயே செத்துப்போனார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு வியாழக்கிழமை டீசல் கொண்டுபோன ஆட்கள்தான் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வயர்லெஸ் மைக்கை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நாற்காலிக்குக் கீழே கிடந்தாராம். இரண்டு நாளாக ஒரு மனுஷன் செத்துக் கிடந்தது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று அவர் ஊர்க்காரர்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடி வைத்தார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. சேலத்தில் கம்ப்யூட்டர், மலை ஷெட்டில் ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் மணிக்கொரு தடவை வயர்லெஸ் வழியாகப் பெட்டியைக் கேட்கும், பெட்டி பதில் சொல்லும்: கரண்ட் இருக்கிறதா, பாட்டரி எத்தனை வோல்ட், சூடு எவ்வளவு. ஷெட்டின் சார்பாகப் பேசுகிற பெட்டி என்பதால் அதை ஏஜென்ட் என்றே சொல்வோம். இந்த மூன்றுக்கு மேல் வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் நாமே ஒரு கார்டு செய்து பெட்டியில் சொருகிக்கொள்ளலாம், அதற்கு இடம் விட்டிருந்தான் செய்தவன்.

நான் அந்தக் கார்டைச் செய்தேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து நானே புரோகிராம் எழுதி, நானே சால்டர் வைத்துச் செய்தேன். விஷயம் ரொம்பச் சின்னது. ஷெட் சுவரில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். வாட்ச்மேன் மணிக்கொரு தடவை அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் கார்டில் இருக்கிற ரிலே என்கிற காந்தத் தகடு ‘டக்’ என்று விழும், சிவப்பு விளக்கு ஒரு தடவை மின்னும், பெட்டி அதை எண்ணிவைத்துக்கொள்ளும். மணிக்குச் சேலம் கேட்கும்போது எத்தனை அழுத்து என்று சொல்லும். ஒன்றுமே இல்லை என்றால் சேலத்தில் பிரிண்டர் ‘ஆள் இல்லை’ என்று அடித்து மணி அலறும். இனிமேல் ஒருத்தனும் அங்கே அநாதையாகச் சாக மாட்டான் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறு என்று இருந்தது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சடையண்ணன் இடத்துக்கு அவர் தம்பி பொன்னனையே எடுத்துக்கொண்டார்கள். என் வயசுதான். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் நம் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துப் பேசுவார்.

முதல் தகராறு முதல் வாரமே வந்தது. மணிக்கு ஒரு அழுத்து வர வேண்டிய இடத்தில் மூன்று மூன்றாக வந்தது. இது எங்கள் தொழிலில் சகஜம், சுவிட்சுக்குள் இருக்கிற தகடு துள்ளினால் ஒன்று பலதாகத் தெரியும். துள்ளலை அடக்க ஒரு கெப்பாசிட்டர் வைத்தேன். மூன்றுதான் வந்தது. சுவிட்சை மாற்றினேன். மூன்று. சரி என்று பஸ் ஏறிப் போய் ஷெட்டிலேயே உட்கார்ந்து பார்த்தால், அந்த மனுஷன் நிதானமாக விட்டு விட்டு மூன்று தடவை அழுத்துகிறார்.

“ஏங்க பொன்னன், ஒரு தடவை அழுத்தினா போதும்னு சொன்னேனே.”

“ஒருக்கா அமுக்குனா அது ஆருன்னு உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?”

“வேற யார் இருக்காங்க இங்க?”

அவர் வெளியே சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தார். “எங்க பக்கம் மஞ்சு எறங்கிக் கண்ணு தெரியாமப் போச்சுன்னா, வெளிய இருந்து ஆராச்சும் கூப்புட்டா ஒரு சத்தத்துக்கு ஏன்னு கேக்க மாட்டமுங்க. ரெண்டுக்கும் கேக்க மாட்டோம். மூணாவது சத்தம் வந்தாத்தான் மனுசன். மத்ததுக்கெல்லாம் மூணு தடவ கூப்புட முடியாதுங்க. அதனால நான் மூணு அமுக்கறனுங்க.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மனுஷனிடம் போய் மல்லுக்கட்டுவானேன், அவர் பழக்கத்தை மாற்றுவதைவிட என் புரோகிராமை மாற்றுவது சுலபம். சேலம் கம்ப்யூட்டரில் நாலு வரி மாற்றினேன். பூஜ்ஜியம் என்றால் ‘ஆள் இல்லை’, பூஜ்ஜியத்துக்கு மேல் எத்தனை வந்தாலும் ‘ஆள் உண்டு’. எண்ணிக்கை உள்ளே ஃபைலில் பதிவாகிக்கொண்டே இருக்கும், பிரிண்டரில் வராது. ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். போங்கள், அதைப் போல முட்டாள்தனம் நான் வாழ்க்கையில் வேறு செய்ததில்லை.

நாலைந்து மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. மணிக்கு மணி ‘ஆள் உண்டு’. அப்புறம் ஒரு நாள் மேனேஜர் ஏதோ எஸ்டேட் வேலையாக மலைக்குப் போனவர், மத்தியானம் மூன்று மணிக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காதர் பாய் டீக்கடையில் டீ குடிக்கப் போயிருக்கிறார். உள் பெஞ்சில் பொன்னன். மேனேஜர் நேராகக் கீழே இறங்கி வந்து பிரிண்டர் பேப்பரை இழுத்துப் பார்த்தார். மூன்று மணி, ‘ஆள் உண்டு’.

“மூர்த்தி, இங்க வா. ஒன்னு அவன் எவனையோ வச்சு அமுக்கவிட்டுட்டு ஊர் சுத்துறான், இல்லன்னா உன் கார்டு பொய் சொல்லுது. ரெண்டுல எது? திங்கக்கிழமை எனக்குப் பதில் வேணும். அவன் திருட்டுத்தனம்னா அன்னைக்கே அவன் சீட்டைக் கிழிச்சுருவேன்.”

என் கார்டு பொய் சொல்லாது என்று பட்டென்று வாயில் வந்துவிட்டது. அந்த மாதம்தான் எனக்கு சூப்பர்வைசர் உத்தியோகம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, அந்தக் கார்டை வைத்துத்தான் அந்தப் பேச்சே. கார்டு சரி என்றால் பொன்னன் திருடன். இதற்கு நடுவில் வேறு வழியில்லை.

சனிக்கிழமை மலையேறினேன். முதலில் காதர் பாயிடம் போனேன். “பொய் சொல்ல மாட்டேன் தம்பி, அந்தப் புள்ள இங்கதான் இருந்துச்சு. சம்சாரம் மாசமா இருக்கு, ஆஸ்பத்திரியில சேக்கறதும் கூட்டிட்டு வர்றதுமா கெடக்குது. டாக்டர் வர்ற வரைக்கும் இங்க வந்து உக்காந்துக்கும். அதுக்குப் போய் வேலைய எடுக்கறீங்களா?” என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

பொன்னன் ஒன்றையும் மறைக்கவில்லை. “நான் எறங்கிப் போனது நெசமுங்க சார். சொல்லாமப் போனது தப்புத்தானுங்க. ஆனா ஆரையும் உள்ள உட்டுட்டுப் போவலீங்க. சாவி எங்கிட்டத்தான் இருக்குது.” இடுப்பு அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியைத் தூக்கிக் காட்டினார். “வேல போனா அவள ஆஸ்பத்திரியில இருந்து எங்க கூட்டிட்டுப் போறதுங்க?”

அவரை நம்பினால் கார்டில் கோளாறு. அதைத் தேடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, சந்தேகப்படக்கூடிய ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவது. பொன்னனைப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏற்றி, காதர் பாய் கடையிலேயே உட்காருங்கள், ஐந்து மணி பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும் என்று அனுப்பினேன். ஷெட்டில் நான் ஒருத்தன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒரு மணிக்கு நானே சுவிட்சை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன், டக், விளக்கு மின்னியது, ஒழுங்காக இருந்தது. அந்த ஒரு மணி அழுத்து என்னுடையது, அது கணக்கில் சேராது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சுவிட்சிலிருந்து வருகிற ஒயரைக் கார்டிலிருந்து கழற்றிக் கீழே போட்டேன். இனி யார் சுவிட்சை அழுத்தினாலும் கார்டுக்குத் தெரியாது. ஒன்றரை மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே டவரின் கால்கூடத் தெரியவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக இரண்டு மணிக்கு, டக். விளக்கு ஒரே ஒரு தடவை மின்னி அணைந்தது.

பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. ஆகா, அகப்பட்டுக்கொண்டாய் என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். ஒயர் இல்லாமலே எண்ணுகிறது என்றால் பொன்னன் தப்பித்தார், கோளாறு கார்டில்தான். டவருக்கு அடியில் இருக்கிற ஷெட், ரேடியோ அலை கார்டுக்குள் புகுந்திருக்கும். மஞ்சு ஈரம் கார்டில் படிந்திருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த புதுக் கார்டை மாற்றிச் சொருகினேன். கடைசியாக, ஒயர் வருகிற முனையை ஒரு செம்புக் கம்பியால் எர்த்தோடு சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டேன். புரியும்படி சொல்கிறேன், காதுக்குள் பஞ்சை அடைத்து மேலே துணியும் கட்டிய மாதிரி. இனி எந்த அலையும் உள்ளே போக முடியாது.

மூன்று மணிக்கு, டக். ஒரே ஒரு தடவை.

அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம் என்பது உறைத்தது. ரிலே சத்தமாகத் தெரிந்தது அல்ல. அதற்கு முன்பே, சேலத்தில், ஸ்பீக்கரில் கேட்ட சத்தம். வயர்லெஸ் மைக்கின் பட்டனை ஒருத்தர் அழுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் விட்டால் இந்தப் பக்கம் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இதை என் மனைவியிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. சடையண்ணன் செத்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெங்களூரிலிருந்து அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்திருந்தார், மூன்று நாள்தான் இருப்பார். எனக்கு வேறு எதுவும் கண்ணில் தெரியவில்லை. ஒரு மணிக்கு வழக்கம்போலக் கூப்பிட்டேன், “எல்லாம் நல்லாருக்குதுங்க” என்றார், குரல் கொஞ்சம் கம்மலாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் கூப்பிடவேயில்லை. சாயங்காலம் ஆறு மணிவரை டிக்கை மொத்தமாகப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். டூட்டியில் இருக்கிற எல்லாரும் எப்போதாவது அப்படிச் செய்கிறதுதான், டிக் என்பது ஒரு சம்பிரதாயம். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை பதினொரு மணிவரையும் அப்படியே.

அந்தச் செவ்வாய் மத்தியானம் ஸ்பீக்கரில் டக் என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். பெங்களூர்க்காரர் “வாட் இஸ் தட்?” என்றார். ஒன்றுமில்லை சார், மலையில் இடி மின்னல் இருக்கும் என்று சொல்லி, எழுந்துபோய் நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தேன்.

பேச மூச்சில்லாத மனுஷன் மைக்கைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் சத்தத்தைக் குறைத்தேன். இதைச் செய்த கைதான் கார்டு செய்து முதுகில் தட்டு வாங்கிக்கொண்டது.

அந்த ஷெட்டில் நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமென்ன. அப்புறம் என்ன தோன்றியதோ, நாற்காலியை விட்டு எழுந்து, வெறும் நாற்காலியைப் பார்த்து நின்றுகொண்டு, மைக் ஒன்றும் இல்லாமல், வாய்விட்டுக் கூப்பிட்டேன். “கரடியூர். கரடியூர். கரடியூர். சேலம் பேசறேன்.” மூன்று தடவை. “சடையண்ணே, அன்னைக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு” என்றேன். வெளியே மஞ்சு சொட்டுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. கார்டும் கம்மென்று இருந்தது. நாலு மணி ஆயிற்று, கார்டையே பார்த்தேன். விளக்கு மின்னவில்லை. திரும்பி வந்தபிறகு சேலத்தில் டூட்டி பையன் சொன்னான், அந்த நாலு மணிக்குத்தான் முதல் தடவையாகப் பிரிண்டர் ‘ஆள் இல்லை’ என்று அடித்து மணி அலறியதாம். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

பொன்னன் ஐந்து மணி பஸ்ஸில் வந்து, கதவுக்கு வெளியே நின்று “சார், சார், சார்” என்று மூன்று தடவை கூப்பிட்டார். திறந்தேன். கழற்றிப்போட்ட ஒயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக மரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக், ஸ்பீக்கர், எல்லாம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கீழே கிடந்த ஒயரை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, “தெரியுமுங்க” என்றார். “அண்ணன் கையில மைக்கு இருந்துச்சு. கூப்புடாமயா இருந்துருப்பான்? கீழ சேலத்துல ஆரோ கேக்கலைன்னு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும்.”

“ஏங்க, அப்ப இந்த அழுத்து?”

“நான் வந்த மொத நாளே டக்குன்னு விழுந்துச்சுங்க. நான் அப்பத் தண்ணி மோக்க ஊத்துக்குப் போய்ட்டு வந்துட்டு இருந்தேன், கதவண்ட நிக்கறப்பவே கேட்டுச்சு. அவனுக்கு நொம்ப வெசனமுங்க சார், தம்பி வேலைக்கு ஒன்னும் ஆவக் கூடாதுன்னு. நான் இல்லாத நேரத்துக்கு அவன் அமுக்கறான். அதுக்குத்தானுங்க நான் மூணு அமுக்குனேன். எது நானு, எது அவன்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல? எனக்கு ஒன்னு ஆச்சுன்னா நீங்க அவன நம்பிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதில்லீங்க?”

அவர் அவ்வளவு தெளிவாக ஒரு அடையாளம் வைத்துச் சொல்லியிருக்கிறார். நான் சிரித்துவிட்டு, நாலு வரி எழுதி அந்த அடையாளத்தை அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டர் ஃபைலில் இருந்த எண்ணிக்கையைப் பூராவும் பேப்பரில் அடித்தேன். மூன்று, மூன்று, மூன்று என்று பக்கம் பக்கமாக ஓடியது. நடுநடுவே ஒன்று. தண்ணிக்குப் போன அந்த முதல் நாளையும், ஆஸ்பத்திரிக்கு இறங்கிய நாட்களையும் நேரத்தையும் பொன்னன் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தார், ஒத்துப் பார்த்தேன். ஒன்று வந்த மணியெல்லாம் அவர் இல்லாத மணி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றேன். பொன்னன் மேல் தப்பில்லை, கோளாறு என் கார்டில்தான், ஒயரைக் கழற்றினாலும் ‘ஆள் உண்டு’ என்கிறது என்றேன். சரி செய்ய முடியாதா என்றார். “முடியாது சார். செத்தவனையும் இருக்கான்னு சொல்லும் சார் என் கார்டு. அதைக் கழட்டிருங்க. முன்ன மாதிரி மணிக்கொரு தடவ மனுஷனை மனுஷன் கூப்பிடட்டும், நானே கூப்பிடறேன்” என்றேன். கையோடு பழைய ரிஜிஸ்டரையும் எடுத்து அந்த மூன்று நாளையும் விரித்து வைத்து, இது எல்லாம் நான் கூப்பிடாமல் போட்ட டிக் என்றேன். அவர் மறுபடியும் ரிஜிஸ்டரை மூடினார். “இதெல்லாம் எங்கேயும் சொல்லிட்டுத் திரியாதே” என்றார். அதோடு சரி. பொன்னன் வேலை பிழைத்தது. அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சூப்பர்வைசர் உத்தியோகம் வேறு ஒருவருக்குப் போனது, எனக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை.

அந்த ஷெட்டை மூடும்வரை ஏழெட்டு வருஷம் நான்தான் மணிக்கு மணி கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் மூன்று முறை. செல்போன் வந்து எல்லாம் கழற்றியபோது பொன்னன் ஒருநாள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார், அந்தப் பெல் சுவிட்சை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “இது உங்களுதுங்க” என்று சொல்லிப் போனார். அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் போகும்போது காட்டுகிறேன்.

இதோ பாருங்கள், நானும் எஞ்சினியர்தான், விளக்கம் எத்தனையோ சொல்லிப் பார்த்தாயிற்று. ஷெட் ஜெனரேட்டர், எர்த் கோளாறு, கடிகாரத்தோடு ஒத்துப்போன ஏதோ ஒரு துடிப்பு. ஒன்றே ஒன்றுதான் எதற்குள்ளும் அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ரிஜிஸ்டரையும் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். நான் கூப்பிடாமல் போட்ட டிக், செவ்வாயில் ஐந்து, புதனில் பதினொன்று, வியாழனில் நாலு. இருபது. ஃபைலில் வந்த ஒற்றை அழுத்து, என்னுடைய அந்த ஒரு மணி அழுத்தை விட்டுவிட்டு, ஷெட்டில் நான் கண்ணால் பார்த்த இரண்டையும் சேர்த்து, பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். ஒன்று இன்னும் பாக்கி.

அதனால்தான் நீங்கள் வரும்போது பெல் ஒரு தடவை அடித்ததும் நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தேன். என் மனைவிக்கு இது பழகிவிட்டது, வயசான காலத்தில் ஏன் இந்த ஓட்டம் என்று திட்டுவதோடு சரி. பொன்னன் ஊரில் மூன்றாவது சத்தத்துக்குத்தான் திறப்பார்கள். நான் முதல் சத்தத்துக்கே திறந்துவிடுவேன். தபால்காரர், கேஸ் போடுகிறவர், பக்கத்து வீட்டுப் பெண், இன்றைக்கு நீங்கள். இதுவரை ஒவ்வொரு தடவையும் வாசலில் யாராவது ஒருவர் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.